டிக்கெட் கிடைக்காத வடகோடி

பள்ளி வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உலகின் வடகோடி ரயில் நிலையம் எது என்று தேடினால் ஓரிடத்தில் நார்விக் என்கிறார்கள், ஓரிடத்தில் முர்மான்ஸ்க், இன்னோரிடத்தில் கார்ஸ்காயா. தென்கோடிக்கும் இதே கதி. கிழக்கு, மேற்கு என்றால் கேட்கவே வேண்டாம். எதை நம்புவது?" அவருக்கு வேண்டியது பெயர்ப் பட்டியல் என்று தோன்றலாம். உண்மையில் அவர் கேட்பது, ஒரே கேள்விக்கு மூன்று விடைகளும் எப்படிச் சரியாகத் தெரிகின்றன என்பதைத்தான். பூகோளத்தில் குழப்பம் எதுவும் இல்லை. "ரயில் நிலையம்" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் நான். தண்டவாளம், ஜல்லி, சிலீப்பர், மண்கரை, இவைதான் என் படிப்பும் பிழைப்பும். கீழே வரும் கோடி நிலையங்களில் நான் காலால் மிதித்தவை கன்னியாகுமரியும் காங்கேசன்துறையும் மட்டுமே. மற்றவை வரைபடத்திலும் கால அட்டவணையிலும் துறைசார் வாசிப்பிலும் அறிந்தவை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் எங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்த பொது விதிகளில் "ஸ்டேஷன்" என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு. போக்குவரத்து கையாளப்படும் இடம், அல்லது ரயில் மேலே செல்ல அனுமதி வழங்கப்படும் இடம், அதுதான் ஸ்டேஷன். அதில் பயணி என்ற சொல்லே கிடையாது. பிளாட்பாரம், டிக்கெட் கவுண்டர், டீக்கடை எதுவும் கிடையாது. கூட்ஸ் வண்டிக்குச் சிக்னல் கொடுக்க ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும், விதிப்படி அது ஸ்டேஷன்தான். ஊர்மக்கள் மனத்தில் இருக்கும் ஸ்டேஷன் வேறு: காசு கொடுத்தால் டிக்கெட் கிடைக்க வேண்டும், சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக வண்டி வர வேண்டும். உலகின் கோடிகளுக்குப் போகப் போக இந்த இரண்டு ஸ்டேஷன்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகும். காரணம் எளிது. அவ்வளவு தூரத்துக்குப் பயணிகளுக்காக யாரும் தண்டவாளம் போட்டதில்லை. நிலக்கரி, இரும்புத்தாது, எரிவாயு, கரும்பு, ஓரிடத்தில் சிறைக்கு விறகு, இவற்றுக்காகத்தான் போட்டார்கள்.

வடக்கிலிருந்து தொடங்குவோம். விதிப்படியான விடை கார்ஸ்காயா. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில், 70 டிகிரி வடக்கு அட்சரேகைக்கும் மேலே இருக்கிறது. ஓப்ஸ்காயா என்ற இடத்தில் பொது ரயில்பாதையிலிருந்து பிரிந்து, போவனென்கோவோ எரிவாயு வயலைத் தொட்டு, கார்ஸ்காயாவில் முடியும் இந்தப் பாதையின் நீளம் 572 கி.மீ. போவனென்கோவோ வரை 2010இலும், கார்ஸ்காயா வரை 2011இலும் வண்டி ஓடத் தொடங்கியது. பாதையின் சொந்தக்காரர் காஸ்புரோம் நிறுவனம். எரிவாயு வயலுக்கு முறைவேலைக்குப் போகும் தொழிலாளர்களும், குழாயும் இயந்திரமும் தளவாடமும்தான் அதில் போகின்றன. நாமெல்லாம் போய்ப் பொதுவாக டிக்கெட் வாங்கும் வழி அங்கே இல்லை.

அந்தப் பாதையைப் பற்றிச் சற்று நின்று சொல்லாமல் நகர என்னால் முடியாது. எங்கள் பக்கத்தில் கோவில்பட்டி கரிசல் மண்ணில் பாதையைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு கஷ்டம் தெரியும். மழை பெய்தால் மண் ஊதும், வெயில் அடித்தால் சுருங்கிப் பிளக்கும், நேற்றுச் சமன்செய்த தண்டவாளம் இன்று பாம்பாக நெளியும். யமாலில் இதையே பத்து மடங்காக்கி நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே தரைக்கடியில் இருப்பது ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண். அதில் பனிக்கட்டி கலந்திருக்கும். உறைந்திருக்கும் வரை கருங்கல்லைப் போல் தாங்கும், உருகிவிட்டால் கூழ். கறுப்பு மண்ணைக் கொட்டிக் கரை போட்டால் கோடைச் சூரியனின் சூடு உள்ளே இறங்கிவிடும். ஆகவே ஈர மணலைக் குளிர்காலத்தில் கொண்டுவந்து கொட்டி, அது கரையிலேயே உறைந்து இறுகிய பின், மேலே நுரைப் பலகையும் நார்த்துணி விரிப்பும் போர்த்தி மூடினார்கள். ஐஸ் பெட்டிக்குத் தெர்மோகோல் சுற்றுவது போலத்தான். யுரிபே ஆற்றின் வெள்ளச் சமவெளியை மண்கரையால் அடைத்தால் நீரோட்டமே மாறிவிடும் என்பதால் 3.9 கி.மீ. நீளத்துக்குப் பாலமே கட்டினார்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அவ்வளவு நீளமான பாலம் வேறு இல்லை.

அதே வட்டாரத்தில் இன்னொரு பாதையும் உண்டு, யாரும் போகாத பாதை. ஸ்டாலின் காலத்தில், 1947இல், சலேகார்டிலிருந்து இகார்க்காவுக்குக் கைதிகளைக் கொண்டு ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். அவர் 1953இல் இறந்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டார்கள். அதற்குள் சுமார் 700 கி.மீ. போட்டாகியிருந்தது. உறைமண் உருகி உருகி அந்தத் தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கும் படங்களைப் பார்த்தால், என் போன்றவனுக்குப் பொறியியல் தோல்வி கண்ணில் படும் முன்பே, எத்தனை பேரின் உயிர் அதில் போயிற்று என்பதுதான் நெஞ்சில் தைக்கும்.

இனி டிக்கெட் வாங்கி ஏறக்கூடிய வடகோடி. நாட்டு ரயில்வேயின் நெடுந்தூர வண்டிகள் நாள்தோறும் வந்துபோகும் இடம் என்று பார்த்தால் முர்மான்ஸ்க், 68 டிகிரி 58 நிமிடம். முதல் உலகப்போரில் நேச நாடுகள் அனுப்பிய தளவாடங்களை இறக்க ரஷ்யாவுக்குப் பனியால் உறையாத துறைமுகம் ஒன்று தேவைப்பட்டது. வெப்ப நீரோட்டம் வந்து தொடுவதால் அந்தக் கடற்கரை உறைவதில்லை. ரயிலுக்காகவும் துறைமுகத்துக்காகவும் 1916இல் தோன்றிய ஊர் அது. ஊர் இருந்தது, ரயில் வந்தது என்ற வழக்கமான கதை இங்கே தலைகீழ். முர்மான்ஸ்க்குக்கு வடமேற்கே பெச்செங்கா, நிக்கல் பக்கம் இன்னும் தண்டவாளம் போகிறது, ஆனால் அது போடப்பட்டதே தாதுவுக்காக.

நார்விக் எப்படி இந்தப் பட்டியலுக்குள் வந்தது? அது 68 டிகிரி 26 நிமிடம், முர்மான்ஸ்க்குக்குக் கொஞ்சம் தெற்கே. "மேற்கு ஐரோப்பாவின் வடகோடி" என்ற அடைமொழியோடு எழுதப்பட்டதை, யாரோ பிரதி எடுக்கும்போது அடைமொழியை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். நார்வே நாட்டு ஊராக இருந்தாலும் நார்விக்கிலிருந்து ஆஸ்லோவுக்கு ரயிலில் போக வேண்டுமானால் ஸ்வீடனுக்குள் நுழைந்துதான் சுற்றி வர வேண்டும். நார்வேயின் மற்ற ரயில்பாதைகளோடு அதற்கு நேர் இணைப்பு இல்லை. ஸ்வீடனின் கிருனா சுரங்கத்து இரும்புத்தாதுவைக் கடலுக்குக் கொண்டுவருவதற்காக 1902இல் முடித்த பாதை அது. இன்றும் 8,000 டன்னுக்கு மேல் இழுக்கும் தாது வண்டிகளுக்கு நடுவே பயணி வண்டி இடம் கேட்டு ஓடுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் வடக்கே, 78 டிகிரி 55 நிமிடத்தில், ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்து நி-ஓலெசுன்ட் என்ற சிற்றூரில் ஒரு குட்டி நீராவி எஞ்சினும் சில பெட்டிகளும் நிற்கின்றன. அதைப் படம்பிடித்து "உலகின் வடகோடி ரயில்" என்று போடுகிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து துறைக்கு ஓடிய வண்டி அது. 1962இல் நடந்த சுரங்க விபத்தில் 21 பேர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக மறுவருடம் நார்வே அரசே கவிழ்ந்தது. சுரங்கமும் மூடப்பட்டது. இப்போது அந்த எஞ்சின் நிற்பது நினைவுப்பொருளாக. நின்ற எஞ்சினை நிலையமாகக் கணக்கில் சேர்க்க முடியாது.

தெற்கே போனால் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வடகோளத்தில் 70 டிகிரி வரை நிலம் தாராளமாக இருக்கிறது. தென்கோளத்தில் அந்த அளவில் கடலும் அண்டார்டிகாவும்தான். அர்ஜென்டினாவின் உசுவாயா "உலகத்தின் முடிவு" என்று பேரெடுத்த ஊர். அதன் அட்சரேகை சுமார் 54 டிகிரி 50 நிமிடம் தெற்கு. அதே அளவு வடக்கே போனால் இங்கிலாந்தின் டர்ஹம் நகரம் வரும். அங்கே யாரும் அதை உலக முடிவு என்று சொல்வதில்லை.

உசுவாயாவுக்கு மேற்கே 8 கி.மீ. தொலைவில் இருக்கும் நிலையத்தின் பெயரே உலக முடிவு நிலையம். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம், அதாவது கேஜ், ஐந்நூறு மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜில் பாதி, சரியாக முழங்காலளவு அகலம். 1902இல் அங்கே பெரிய சிறைச்சாலை கட்டத் தொடங்கினார்கள். அதற்கு விறகும் கட்டுமானத்துக்கு மரமும் வெட்டிவர, கைதிகளைக் கொண்டே பாதை போட்டுக் காட்டுக்குள் வண்டி ஓட்டினார்கள். மரம் தீரத் தீரப் பாதையும் உள்ளே நீண்டது. சிறை 1947இல் மூடப்பட்டது, 1949 நிலநடுக்கத்தில் பாதை சிதைந்தது, 1952இல் வண்டியும் நின்றது. 1994இல் சுற்றுலாவுக்காக ஏறத்தாழ 7 கி.மீ. மட்டும் மீட்டெடுத்தார்கள். வழியில் வெட்டுப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் இன்றும் நிற்கின்றன, உயரமும் குட்டையுமாக. உயரமானவை குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை, பனிக்குவியலின்மேல் நின்று வெட்டியதால் அவ்வளவு உயரத்தில் அறுபட்டன என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

"சுற்றுலா வண்டியெல்லாம் ரயிலா?" என்று கேட்பவர்களும் உண்டு. டிக்கெட் உண்டு, நேர அட்டவணை உண்டு, சிக்னல் உண்டு. ஸ்டேஷன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றுலாவைத் தள்ளிவிட்டுச் சரக்கு மட்டும் பார்த்தால் விடை அர்ஜென்டினாவிலேயே, 51 டிகிரிக்கும் தெற்கே, ரியோ துர்பியோ சுரங்கத்திலிருந்து ரியோ காயேகோஸ் பக்கம் நிலக்கரி கொண்டுபோகும் பாதை. 1951இல் திறந்தார்கள், 750 மில்லிமீட்டர் கேஜ். நீராவி எஞ்சின் வடிவமைப்பில் பெரும்பெயர் பெற்ற லிவியோ தாந்தே போர்த்தா அங்கே வேலைபார்த்து, அந்தச் சின்ன கேஜில் நம்ப முடியாத சுமையை இழுக்க வைத்தார். உசுவாயாவின் எஞ்சின் ஒன்றுக்கு இப்போது அவர் பெயர். ஊர்மக்களின் அன்றாடப் பயணி வண்டி என்று பிடிவாதம் பிடித்தால், நியூசிலாந்தின் இன்வர்கார்கில் 46 டிகிரி 24 நிமிடத்தில் நீண்டகாலம் அந்தப் பட்டத்தை வைத்திருந்தது. 2002இல் அங்கே பயணி வண்டி நின்றுவிட்டது. அதற்கும் தெற்கே பிளஃப் துறைமுகம் வரை சரக்குப் பாதை இருக்கிறது. 2002க்குப் பின் அன்றாட வண்டியின் தென்கோடி என்பது ஆண்டுக்காண்டு கால அட்டவணையோடு மாறும் சமாச்சாரம். அதை வினாடி வினாவில் கேட்காதீர்கள், சண்டை வரும்.

தெற்கை விடுமுன் ஒரு வேடிக்கை. ஃபாக்லாந்து தீவில் ஸ்டான்லி துறைமுகத்தை ஒட்டி, முதல் உலகப்போர்க் காலத்தில் கம்பியில்லாத் தந்தி நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோக ஒரு சின்னப் பாதை போட்டார்கள். காற்று ஓயாத இடம். வேலையாட்கள் ட்ராலியில் பாய்மரம் கட்டித் தண்டவாளத்தின் மேல் காற்றிலேயே போனார்கள். எங்கள் கேங்மேன்கள் தள்ளு ட்ராலியில் என்னை வைத்து வெயிலில் தள்ளிய நாட்களை நினைத்தால், ராமேஸ்வரம் காற்றுக்கு நாமும் ஒரு பாய் கட்டிப் பார்த்திருக்கலாம்.

கிழக்கும் மேற்கும் வேறு வகைச் சிக்கல். வடதுருவம் இயற்கை வைத்த புள்ளி. கிழக்குக்கு அப்படிப் புள்ளி இல்லை. 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீன்விச் வழியாகப் போகும் கோட்டைப் பூஜ்யம் என்று முடிவு செய்ததால்தான் 180 டிகிரி பசிபிக்கில் விழுகிறது. அந்த ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் நியூசிலாந்தின் கிஸ்போர்ன், 178 டிகிரி கிழக்கு, வலுவான விடை. 1942இல் அங்கே பாதை வந்து சேர்ந்தது, 2012இல் புயல்மழை கரையை அரித்தபின் ஊர்களுக்கிடையே வண்டி இல்லை. பழைய நீராவி வண்டி ஒன்று உல்லாசப் பயணமாக மட்டும் ஓடுகிறது. அந்தப் பாதை விமான நிலையத்தின் ஓடுதளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ரயில் டிரைவர் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அனுமதி வாங்கித்தான் தாண்ட வேண்டும்.

கிஸ்போர்னுக்கும் கிழக்கே தண்டவாளம் உண்டு. ஃபிஜியின் வனுவா லேவு தீவில் லம்பாசா, 179 டிகிரிக்கும் அப்பால். 1894இல் தொடங்கிய சர்க்கரை ஆலைக்குக் கரும்பு சுமக்கும் இரண்டடி கேஜ் பாதை, இன்றும் அறுவடைக் காலத்தில் ஓடுகிறது. பயணி வண்டி அல்ல. ஆனால் நம் விஷயம் அங்கே இருக்கிறது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறிய தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் ஃபிஜியின் கரும்புக் காடுகளில்தான் உழைத்தார்கள். 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் அமைத்துப் பள்ளிகள் நடத்தியது அவர்கள் வழி வந்த சமூகம். உலகின் கிழக்குக் கோடித் தண்டவாளம் எது என்று யாராவது கேட்டால் நான் லம்பாசா என்றுதான் சொல்வேன். நிலையம் எது என்றால் கிஸ்போர்ன்.

மேற்கில் இவ்வளவு சுவை இல்லை. அலாஸ்காவில் நோம் ஊருக்குக் கிழக்கே 164 டிகிரி மேற்கில் தங்க வேட்டைக் காலத்துப் பாதை ஒன்று 1913 புயலோடு முடிந்துபோனது. நியூயார்க்கில் மேம்பாலப் பாதையில் ஓடிய பழைய எஞ்சின்களை வாங்கிக் கொண்டுபோயிருந்தார்கள். அவை இன்னும் சதுப்பில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஓடுகிறவற்றில் ஹவாயின் கவாய் தீவுச் சுற்றுலாத் தோட்ட ரயிலும், 2023இல் திறந்த ஹொனலூலு மெட்ரோவின் கபோலேய் முனையும் வரும். ஐரோப்பாவுக்குள் மட்டும் கேட்டால் அயர்லாந்தின் டிரலீ. அதற்கும் மேற்கே இருந்த வலென்சியா ஹார்பர் நிலையம் 1960இல் மூடப்பட்டது.

பெயர்ப்பலகையை நம்பி ஏமாறுவதும் உண்டு. பாதையின் கடைசி நிலையம்தான் கோடி என்று நினைக்கிறோம், பாதை வளைந்து திரும்பினால் அது பொய்யாகிவிடும். பிரிட்டனில் மலெய்க் முனையத்தைவிட அதற்கு முன்னால் உள்ள அரிசெய்க் மேற்கே இருக்கிறது. ஜப்பானின் கிழக்குக் கோடி நீண்டகாலம் முனையமான நெமுரோ அல்ல, அதற்கு முந்திய கிழக்கு நெமுரோ. 2025 மார்ச்சில் அந்தச் சின்ன நிலையத்தை மூடியதும் பட்டம் நெமுரோவுக்கு வந்தது. 2003இல் ஓகினாவாவில் மோனோரயில் ஓடத் தொடங்கியதும், கியூஷுவின் நிஷி-ஒயாமா நிலையத்தில் "ஜப்பானின் தென்கோடி" என்று நின்ற பலகைக்கு ஒரு "ஜே.ஆர்." (ஜப்பான் ரயில்வே நிறுவனக் குழுமத்தின் சுருக்கப் பெயர்) சேர்க்க வேண்டியதாயிற்று.

உயரத்தில் கோடி எது என்று கேட்டால் திபெத் பாதையின் தங்குலா, 5,068 மீட்டர். 2006இல் பயணி வண்டி ஓடத் தொடங்கிய பாதை. இங்கும் உறைமண்தான் எதிரி. கரையோரம் வரிசையாக நட்ட குழாய்களுக்குள் அம்மோனியா. குளிர்காலத்தில் அடியில் ஆவியாகி மேலே குளிர்ந்து திரும்ப வடியும், ஒவ்வொரு சுற்றிலும் மண்ணின் சூட்டைக் கொஞ்சம் வெளியே தள்ளும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். அந்த ஏற்பாட்டை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தங்குலா ஆளில்லாத நிலையம், யாரும் இறங்குவதில்லை.

நம் பக்கத்துக் கோடிகளையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் தென்கோடி நிலையம் கன்னியாகுமரி, 8 டிகிரி 5 நிமிடம் வடக்கு, 1979இல் வண்டி வந்தது. இதில் சர்ச்சை இல்லை. இலங்கையின் வடகோடி காங்கேசன்துறை, 9 டிகிரி 49 நிமிடம். அதாவது அவர்களின் வடகோடி நம் தென்கோடியைவிட வடக்கே இருக்கிறது. மாணவர்களைத் திகைக்க வைக்க நல்ல கேள்வி இதுதான். யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 1902இலேயே வண்டி ஓடியது. கொழும்போடு இணைந்தது 1905இல். போரில் 1990இல் நின்றது, யாழ்ப்பாணம் வரை 2014 அக்டோபரிலும், காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியிலும் திரும்ப வந்தது. இருபத்தைந்து வருடம் நிலையமாக எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போன இடம். நான் போனபோது பாதை முடியும் முனையில், வண்டியைத் தடுக்கும் பஃபருக்கு அப்பால் புல் முளைத்திருந்தது. பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் வண்டிக்காக அல்ல, வண்டி வருவதைப் பார்ப்பதற்காக உட்கார்ந்திருந்தார்.

ஆசிரியருக்கு: கேள்வியை "பொதுமக்கள் டிக்கெட் வாங்கி நெடுந்தூர வண்டி ஏறும் வடகோடி நிலையம்" என்று எழுதுங்கள், விடை முர்மான்ஸ்க். "வண்டி இயங்கும் வடகோடி நிலையம்" என்று எழுதினால் கார்ஸ்காயா. தென்கோடிக்கு உசுவாயாவின் உலக முடிவு நிலையம், "சுற்றுலா ரயில் உட்பட" என்று சேர்த்துவிடுங்கள். கிழக்கு மேற்கைத் தவிர்த்துவிடுவது உங்களுக்கு நல்லது. நார்விக் என்று எழுதும் பிள்ளைக்கு, "மேற்கு ஐரோப்பாவில்" என்று தானே சேர்த்து எழுதியிருந்தால், முழு மதிப்பெண் போடுங்கள்.